மகுடத்தை வைத்துக்கொள்வதா, இறக்குவதா: முடிவெடுக்க வேண்டிய நாட்டுக்கு ஒரு செய்முறை

மன்னர் வேண்டுமா வேண்டாமா என்று பேச்சு தொடங்கினால், அரை மணி நேரத்தில் அது அரச குடும்பத்துக் கல்யாணத்திலும் விவாகரத்திலும் போய் நிற்கும். நாடு ஒன்று முடிவெடுக்க அது உதவாது. மகுடம் அங்கே என்னென்ன வேலை பார்க்கிறது, அந்த வேலைகளை நாளை யார் பார்ப்பார்கள் என்ற கணக்கைப் போட்டால்தான் விடை கிடைக்கும். அந்தக் கணக்கைப் போடும் முறையும், விடை 'வேண்டாம்' என்று வந்தால் மாற்றத்தை நடத்தும் முறையும் இங்கே.

பிரிட்டனையும் சேர்த்து இன்று 15 நாடுகளுக்கு ஒரே மன்னர். இந்த வேலை அதிகமாக முயலப்பட்டதும் தோற்றதும் வென்றதும் இந்தக் கூட்டத்தில்தான். எனவே உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருகின்றன. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் குடியுரிமை பெற்ற தமிழர்கள் இந்தக் கேள்விக்கு என்றாவது வாக்குச்சீட்டில் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

முதல் வேலை: சாசனத்தைப் பென்சிலோடு படிப்பது

அரசியல் சாசனத்தை முழுதாக அச்செடுத்து, 'மன்னர்', 'மகுடம்', 'கவர்னர் ஜெனரல்' (மன்னரின் உள்ளூர்ப் பிரதிநிதி) என்ற சொற்கள் வரும் ஒவ்வொரு இடத்தையும் கோடிடுங்கள். பிறகு நான்கு பத்தி கொண்ட அட்டவணை ஒன்று போடுங்கள்: பிரிவு எண், அதிகாரம் என்ன, யாருடைய ஆலோசனைப்படி அது பயன்படுத்தப்படுகிறது, மகுடம் போனால் அது யாரிடம் போகும். நான்காவது பத்தியை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

வரிகள் மூன்று குவியலாகப் பிரியும். விருது வழங்குதல், தூதரை வரவேற்றல் போன்ற சடங்குகள் ஒன்று. பிரதமர் சொன்னபடி கையெழுத்திடும் வேலைகள் இரண்டாவது. பட்டியலில் பெரும்பகுதி இதுதான். மூன்றாவது குவியல் சிறியது, அதில்தான் முழு விவகாரமும் இருக்கிறது: யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது யாரைப் பிரதமராக அழைப்பது, சபையைக் கலைக்கச் சொன்னால் மறுக்கலாமா, பிரதமரை நீக்கலாமா, மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கலாமா.

இந்த மூன்றாவது குவியலைப் பல சாசனங்கள் எழுதியே வைப்பதில்லை. மரபு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகின்றன. 1975 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலியாவில் நடந்ததை இதற்காகவே படிக்க வேண்டும். மேலவை பட்ஜெட் பணத்தை நிறுத்திவைத்திருந்த நெருக்கடியில், கவர்னர் ஜெனரல் ஜான் கெர், கீழவையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமர் கஃப் விட்லமைப் பதவி நீக்கினார். சடங்குக்கு இருப்பதாக எல்லோரும் நினைத்த நாற்காலி ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்தது. ஆகவே 'மன்னருக்கு ஒரு அதிகாரமும் இல்லை, வைத்துக்கொண்டால் என்ன குறை' என்று யாராவது வாதிட்டால், அட்டவணையின் மூன்றாம் குவியலை அவர் முன்னால் வையுங்கள்.

இறக்குவதற்கு முன், பழுதுபார்க்க முடியுமா?

உள்நாட்டு மன்னர் இருக்கும் நாடுகள் இந்தப் படியைத் தாண்டிப் போகக் கூடாது. மூன்றாம் குவியலை மன்னரிடமிருந்து எடுத்துவிட்டாலே பல நேரங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும். ஸ்வீடன் 1974 சாசனத்தில் அதைத்தான் செய்தது. அங்கே பிரதமர் பெயரை முன்மொழிபவர் நாடாளுமன்ற சபாநாயகர். சட்டங்களில் மன்னர் கையெழுத்திடுவதில்லை. லக்சம்பர்க்கில் 2008 டிசம்பரில் கருணைக்கொலைச் சட்டத்துக்கு ஒப்புதல் தரமாட்டேன் என்று மன்னர் இடத்தில் இருந்த கிராண்ட் டியூக் ஹென்றி சொன்னதும், சில மாதங்களிலேயே ஒப்புதல் என்ற அதிகாரத்தைச் சாசனத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டத்தை அறிவிக்கும் கடமை மட்டும் அவருக்கு மிஞ்சியது. பெல்ஜியம் இதே சிக்கலில் 1990 ஏப்ரலில் மாட்டியபோது ஒட்டுப்போட்டுத் தப்பித்தது: கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மனம் வராத மன்னர் போதுவாங் 'ஆள இயலாதவர்' என்று அறிவிக்கப்பட்டார், அமைச்சரவையே கையெழுத்திட்டது, உடனே மன்னர் மறுபடி பதவிக்கு வந்தார். அந்த ஒட்டை யாரும் பின்பற்ற வேண்டாம். சாசனத்தைத் திருத்துவதே சரியான வழி.

ஒன்பது ஆட்சியாளர்கள் ஐந்தாண்டு முறை வைத்துப் பேரரசராகும் மலேசியாவிலும் பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது. 1993இல் ஆட்சியாளர்களின் தனிப்பட்ட சட்டப் பாதுகாப்பு நீக்கப்பட்டு, அவர்கள் மீதான வழக்குகளுக்குச் சிறப்பு நீதிமன்றம் வந்தது. 1994 திருத்தத்தின்படி, பேரரசர் 30 நாளுக்குள் ஒப்புதல் தராவிட்டாலும் மசோதா சட்டமாகிவிடும்.

மன்னர் கடலுக்கு அப்பால் வாழ்கிற நாட்டின் நிலை வேறு. அவரது வேலை எல்லாவற்றையும் உள்ளூர் கவர்னர் ஜெனரல்தான் செய்துகொண்டிருக்கிறார். பழுதுபார்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அத்தகைய நாடுகளுக்கு எங்கள் கருத்து தெளிவானது: தன் அரசுத் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கும் நாடாக மாறுவதே முறை. ஆனால் சரியாகச் செய்ய முடியாவிட்டால், முடியும் வரை காத்திருப்பது மேல்.

செலவைப் பற்றி

செலவுக் கணக்கை முதல் வாதமாக வைக்காதீர்கள். அது இரண்டு பக்கமும் வெட்டும். பிரிட்டனில் அரசருக்கான மானியம் 2024-25இல் 8.63 கோடி பவுண்டு, 2025-26இல் 13.21 கோடி பவுண்டு. ஆனால் பாதுகாப்புச் செலவு இதில் சேராது. லங்காஸ்டர், கார்ன்வால் என்ற அரச குடும்பச் சொத்துகளின் வருமானமும் தனி. அதே நேரம், குடியரசுத் தலைவருக்கும் மாளிகை, ஊழியர், பாதுகாப்பு எல்லாம் வேண்டும். வெளிநாட்டு மன்னரைக் கொண்ட நாடுகளில் கவர்னர் ஜெனரல் அலுவலகத்தின் செலவு அப்படியே குடியரசுத் தலைவர் அலுவலகத்துக்கு மாறும். மிச்சம் பிடிக்கலாம் என்று வாக்குக் கேட்டால், பட்ஜெட் வெளிவரும் நாளில் பதில் சொல்ல முடியாது.

பூட்டு எப்படிப்பட்டது என்று பாருங்கள்

சாசனத்தைத் திருத்த என்ன தேவை என்பதுதான் கால அட்டவணையையும் கூட்டணியையும் தீர்மானிக்கிறது. கரீபியன் தீவு நாடான பார்படோஸில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு போதும். ஜமைக்காவில் அத்துடன் பொதுவாக்கெடுப்பும் வேண்டும். மசோதாவை அவையில் வைத்தபின் விவாதம் தொடங்க மூன்று மாதம், விவாதம் முடிந்தபின் நிறைவேற்ற இன்னொரு மூன்று மாதம், அதற்குப்பின் இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாக்கெடுப்பு. எப்படிக் கூட்டினாலும் எட்டு மாதத்துக்குக் குறையாது. நடுவில் தேர்தல் வந்தால் மசோதா காலாவதியாகிவிடும். ஆகவே ஆட்சிக் காலத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் மசோதாவை வைத்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் நாடு முழுதும் பெரும்பான்மை வேண்டும், ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பெரும்பான்மையும் வேண்டும். இதுவரை வைத்த 45 திருத்தங்களில் 8தான் தேறின. கனடா எல்லாவற்றிலும் கடினம்: 1982 சாசனச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி நாடாளுமன்றமும் பத்து மாகாணங்களும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒரு மாகாணம் தலையசைக்க மறுத்தாலும் கதை முடிந்தது. அங்கே பூர்வகுடிகளின் ஒப்பந்தங்கள் மகுடத்தின் பெயரில் செய்யப்பட்டவை என்பதும், நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு செய்த 1840 வைத்தாங்கி ஒப்பந்தம் அப்படியே என்பதும் தனிக் கேள்வி. அந்தக் கடமைகள் அரசின் மேல் அப்படியே இறங்கும் என்று சாசனத்தில் வெளிப்படையாக எழுதி, அந்த மக்களோடு முதலில் பேசிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

எல்லாம் உடையும் இடம்: தலைவரை யார் தேர்ந்தெடுப்பது

ஆஸ்திரேலியாவில் 1998 பிப்ரவரியில் கான்பெராவின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் 152 பிரதிநிதிகள் கூடினார்கள். பாதிப்பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், பாதிப்பேர் நியமிக்கப்பட்டவர்கள். அவர்கள் பரிந்துரைத்த வடிவத்தில், பிரதமர் முன்மொழிந்து எதிர்க்கட்சித் தலைவர் வழிமொழியும் ஒருவரை நாடாளுமன்றக் கூட்டுக்கூட்டம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தேர்ந்தெடுக்கும். 1999 நவம்பர் 6 அன்று வாக்கெடுப்பு. ஆம் 45.13%, இல்லை 54.87%. ஆறு மாநிலங்களும் 'இல்லை' என்றன.

மன்னராட்சியை விரும்பியவர்கள் மட்டும் இதைத் தோற்கடிக்கவில்லை. தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்ட குடியரசுவாதிகளும் எதிர்த்து வாக்களித்தார்கள். 'அரசியல்வாதிகளின் குடியரசு' என்ற ஒரே முழக்கம் இரு அணிகளையும் ஒன்று சேர்த்தது. இன்னொரு ஓட்டையும் இருந்தது. பிரதமர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டாலே தலைவர் உடனே பதவி இழப்பார். 30 நாளுக்குள் கீழவையின் ஒப்புதலைப் பிரதமர் கேட்க வேண்டும், அவை மறுத்தாலும் நீக்கப்பட்டவர் நாற்காலிக்குத் திரும்ப முடியாது. நடுவரைப் பந்தாட்டக்காரர் வெளியேற்றலாம் என்பது போன்ற ஏற்பாடு. எதிரணி இதை விடுவார்களா?

இதிலிருந்து எடுக்க வேண்டிய முறை:

தேர்வு முறையை வாக்கெடுப்புக்கு இரண்டு ஆண்டு முன்பே முடித்துவிடுங்கள், குடியரசு அணி முழுதும் அதை ஏற்கும் வரை வாக்கெடுப்புத் தேதியைப் பேசாதீர்கள். நேரடித் தேர்தலைத் தேர்ந்தெடுத்தால், மூன்றாம் குவியலில் இருக்கும் ஒவ்வொரு அதிகாரத்தையும் முதலில் எழுத்தில் வரையறுத்துவிடுங்கள். லட்சக்கணக்கான வாக்கு வாங்கி வந்த ஒருவர் எழுதப்படாத அதிகாரத்தைத் தயங்காமல் எடுப்பார். அயர்லாந்தின் 1937 சாசனம் இதற்கு நல்ல மாதிரி. ஏழாண்டுப் பதவி, நேரடித் தேர்தல், வேட்பாளராக 20 நாடாளுமன்ற உறுப்பினர்களோ நான்கு உள்ளாட்சி மன்றங்களோ முன்மொழிய வேண்டும். மசோதாவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்புவதும், பெரும்பான்மை இழந்த பிரதமர் கேட்டால் சபையைக் கலைக்க மறுப்பதும் தலைவரின் சொந்த அதிகாரங்கள் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். நாடாளுமன்றத் தேர்வைத் தேர்ந்தெடுத்தால், நியமிக்க எவ்வளவு வாக்கு வேண்டுமோ அவ்வளவு வாக்கு நீக்கவும் வேண்டும் என்று வையுங்கள். சிறிய நாடுகளுக்கு இது பொருத்தம். பார்படோஸ் இந்த வழியில்தான் போனது.

வேறு மூட்டையை இதில் ஏற்றாதீர்கள்

மன்னரை இறக்கும் மசோதா வந்தால், ஆளுங்கட்சிக்கு நெடுநாளாக வேண்டியிருந்த எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றும் ஆசை வரும். கரீபியன் தீவு நாடான செயிண்ட் வின்சென்ட் 2009இல் முழுப் புதிய சாசனத்தையே மக்கள் முன் வைத்தது. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்ட இடத்தில் ஏறக்குறைய 43%தான் கிடைத்தது. எதிர்க்கட்சி எதிர்த்தது, மசோதாவின் ஒவ்வொரு பிரிவும் யாரோ ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்லக் காரணமானது.

தோற்பதாவது பரவாயில்லை. மூட்டையோடு வென்றால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 1972 மே 22 அன்று இலங்கை குடியரசானது. இருந்த சாசனத்தின் திருத்த முறைக்கு வெளியே, தனியாக ஓர் அரசியல் நிர்ணய சபையைக் கூட்டிப் புதிய சாசனம் எழுதப்பட்டது. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ எதிராகப் பாரபட்சமான சட்டம் இயற்றக் கூடாது என்று அதுவரை இருந்த சோல்பரி சாசனத்தின் 29ஆம் பிரிவு போட்டிருந்த தடை அதில் இல்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு ஆட்சிமொழி இடமும் சாசனத்திலேயே ஏறின. தமிழரசுக் கட்சி 1971 ஜூனிலேயே சபையை விட்டு வெளியேறியிருந்தது. 1972 அக்டோபரில் அதன் தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறைத் தொகுதி உறுப்பினர் பதவியைத் துறந்தார். லண்டனில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியும் 1971இல் மூடப்பட்டது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானதா என்ற கேள்வியைத் தொட்ட கோடீஸ்வரன் வழக்கை 1969இல் பிரிவி கவுன்சில் இலங்கை உச்ச நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவே இல்லை.

மகாதேசாதிபதி (கவர்னர் ஜெனரல்) கோபல்லாவ ஜனாதிபதி கோபல்லாவ ஆனதை யாரும் எதிர்த்திருக்கப் போவதில்லை. அந்த மாற்றத்தின் நிழலில் மறைந்து போன பாதுகாப்பின் விலையை ஒரு முழு மக்கள் கூட்டம் கொடுத்தது. ஆகவே விதியாகவே வையுங்கள்: சிறுபான்மையினரைக் காக்கும் பிரிவு எதையும் இந்த மசோதா தொடக் கூடாது. இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தை மாற்றுவதென்றால் அதற்குத் தனி மசோதா, தனி வாக்கு. மொரிஷியஸ், டிரினிடாட் இரண்டும் குடியரசான பின்னும் பிரிவி கவுன்சிலை வைத்துக்கொண்டன. பார்படோஸ் அதற்கு நேர்மாறாக 2005லேயே கரீபியன் நீதிமன்றத்துக்கு மாறிவிட்டது, மன்னரை இறக்கியது 2021இல். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

வாக்கெடுப்பு நடத்துவதா

சாசனம் கேட்டால் வேறு வழியில்லை. கேட்காவிட்டாலும் நடத்துவது நல்லது என்பதே எங்கள் நிலை. பார்படோஸ் நடத்தவில்லை. ஆளுங்கட்சி 2018இல் கீழவையின் 30 இடங்களையும் பிடித்திருந்தது, நாடாளுமன்றத்திலேயே முடித்துவிட்டார்கள். சட்டப்படி சரி, மக்களைக் கேட்கவில்லை என்ற குறை அங்கே பலருக்கு இருந்தது.

சின்ன நாட்டில் இன்னொரு கவனம் வேண்டும். பசிபிக் தீவு நாடான துவாலு 2008இல் வாக்கெடுப்பு நடத்தியபோது 679 பேர் குடியரசுக்கும் 1,260 பேர் மன்னருக்கும் வாக்களித்தார்கள். இத்தனை குறைவான வாக்குகளில் ஒரு தீவின் தலைவர்கள் மனம் மாறினாலே முடிவு மாறும். பொதுக்கூட்டத்தை விட வீடு வீடாகப் போவது பலன் தரும். பெரிய நாட்டில் எதிர்க்கட்சித் தலைவரின் கையெழுத்து இல்லாமல் இறங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் பிரதமர் ஜான் ஹோவர்டே 'இல்லை' அணியில் இருந்தார்.

'மன்னரா, குடியரசா' என்று வடிவம் சொல்லாமல் வெறுமனே கேட்கலாமா? இத்தாலி 1946 ஜூன் 2 அன்று அப்படித்தான் கேட்டது, 54.3% குடியரசு என்றது. ஆனால் சாசனம் எழுதும் சபையையும் அதே நாளில் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். அது இல்லாமல் வெறும் கேள்வி கேட்டால், பிறகு எந்த வடிவம் என்ற சண்டை வருடக்கணக்கில் நீளும்.

வரைவு எழுதும்போது

மசோதாவின் இதயம் ஒரே ஒரு மாற்றுப் பிரிவு: எந்தச் சட்டத்திலும் 'மன்னர்', 'மகுடம்' என்று வரும் இடத்தை 'அரசு' என்றும், 'கவர்னர் ஜெனரல்' என்று வரும் இடத்தை 'குடியரசுத் தலைவர்' என்றும் படிக்க வேண்டும். இது இல்லையென்றால் நூற்றுக்கணக்கான சட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்த நேரும். இதோடு தொடர்ச்சிப் பிரிவு சேர வேண்டும்: நடக்கும் வழக்குகள், மகுடத்தின் பெயரில் இருக்கும் நிலங்கள், ஒப்பந்தங்கள், கடன்கள், நீதிபதிகள் மற்றும் அதிகாரிகளின் பதவிகள் எல்லாம் தடையின்றித் தொடரும். இதில் ஒரு வார்த்தை விடுபட்டாலும், சிறையில் இருக்கும் கைதியின் வழக்கறிஞர் முதல் ஆளாக நீதிமன்றம் போவார்.

விசுவாச உறுதிமொழியை மன்னரை இறக்காமலேயே மாற்றலாம். ஆஸ்திரேலியா 1994இல் குடியுரிமை உறுதிமொழியிலிருந்து அரசியின் பெயரை எடுத்தது. கனடாவில் புதிய குடிமக்கள் இன்றும் மன்னரின் பெயரைச் சொல்லியே உறுதி எடுக்கிறார்கள். நாணயம், கடவுச்சீட்டு, அஞ்சல்தலை, காவலர் சீருடைப் பொத்தான் எல்லாம் தேய்ந்து தீரும் வரை செல்லும் என்று எழுதிவிடுங்கள். ஒரே நாளில் மாற்றுவது வீண் செலவு. காமன்வெல்த் உறுப்பினர் தகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம். 1949 லண்டன் பிரகடனம் இந்தியாவுக்காகத் திறந்த கதவு அது. 2007 முதல், குடியரசாக மாறும் உறுப்பு நாடு மறுபடி விண்ணப்பிக்கவும் தேவையில்லை.

உள்நாட்டு மன்னர் என்றால் சொத்து விவகாரம் தனியாக வரும். நாட்டின் சொத்து எது, குடும்பத்தின் சொத்து எது என்று மன்னர் பதவியில் இருக்கும்போதே பட்டியல் எடுங்கள். கிரேக்கம் முன்னாள் மன்னரின் சொத்தை இழப்பீடின்றி எடுத்துக்கொண்டு, 2002இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பில் அவருக்கு 1 கோடியே 20 லட்சம் யூரோ கொடுக்க நேர்ந்தது. உதவித்தொகை கொடுப்பதாக இருந்தால் ஆண்டு எண்ணிக்கை போட்டுக் கொடுங்கள். இந்தியா சமஸ்தான மன்னர்களுக்கு மன்னர் மானியத்தைச் சாசனத்திலேயே எழுதிக்கொடுத்தது. 1971இல் 26ஆவது திருத்தத்தால் அதை ரத்துசெய்தபோது வாக்கு மீறியதாகப் பழி வந்தது.

மாறும் நாள்

பதவியிலிருக்கும் கவர்னர் ஜெனரலையே முதல் குடியரசுத் தலைவராக்குவது பழகிய வழி. டிரினிடாட்டில் 1976இல் எல்லிஸ் கிளார்க், மொரிஷியஸில் 1992 மார்ச் 12 அன்று தமிழ் வம்சாவளியினரான வீராசாமி ரிங்காடு, பார்படோஸில் சாண்ட்ரா மேசன் எல்லோரும் அப்படி வந்தவர்கள். மாளிகை, ஊழியர், கோப்பு எதுவும் இடம் மாற வேண்டாம். ரிங்காடு சில மாதமே இருந்து காசிம் உதீமிடம் பதவியை ஒப்படைத்தார். முதல் தலைவருக்குக் குறுகிய காலம் என்று முன்பே சொல்லிவிட்டால், தனக்கான பதவியைத் தானே உருவாக்கிக்கொண்டார் என்ற பேச்சும் எழாது.

தேதியாகச் சுதந்திர தினத்தையே வைக்கலாம். பார்படோஸ் 2021 அக்டோபர் 20 அன்று தலைவரைத் தேர்ந்தெடுத்து, சுதந்திரத்தின் 55ஆம் ஆண்டு நிறைவான நவம்பர் 30 பிறந்த நள்ளிரவில் பதவியேற்பை வைத்தது. அந்த நாற்பது நாளும் அவசியம்: உறுதிமொழி வாசகம், முத்திரை, வர்த்தமானி அச்சு, காவல்துறைப் பெயர்ப்பலகை எல்லாம் அதற்குள் தயாராக வேண்டும். நள்ளிரவில் முறை இப்படி இருக்கட்டும்: பழைய கொடி இறங்கும், தலைமை நீதிபதி தலைவருக்கு உறுதிமொழி செய்து வைப்பார், அடுத்துத் தலைவர் முன் பிரதமரும் படைத்தலைவரும் காவல்துறைத் தலைவரும் புதிய உறுதிமொழி எடுப்பார்கள். தலைமை நீதிபதிக்கு உடல்நலம் சரியில்லாவிட்டால் யார் செய்து வைப்பது என்பதையும் சட்டத்திலேயே எழுதுங்கள்.

அதற்கு முந்தைய வாரம் அந்தப் பழைய அட்டவணையை எடுத்து நான்காவது பத்தியைச் சரிபாருங்கள். ஒரு வரி காலியாக இருந்தாலும் தேதியைத் தள்ளிவையுங்கள்.